சீமைத் தண்ணி

காணும் பொங்கல் அன்று காலையில் ரத்தினசாமி தன் மேஸ்திரி ஜியாவுல்லாவின் வீட்டுக் கதவை உதைத்தான்.

தட்டவில்லை. உதைத்தான்.

"யோவ் ஜியாவுல்லா, வெளிய வாய்யா."

இத்தனை வருஷமாய் மேஸ்திரி என்றும் நீங்க என்றும் கூப்பிட்ட வாய். தெருவில் தண்ணீர் எடுத்துப் போன பெண் குடத்தோடு நின்றுவிட்டாள். நிற்கட்டும், ஆம்பூரே கேட்கட்டும் என்று இன்னொரு உதை விட்டான்.

அவர்கள் ரெண்டு பேரும் வேலை பார்க்கிற, தோல் பதம் பண்ணுகிற ஷாப்பில் போகிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆவாரம் பட்டை ஊறின தொட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு குடம் மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மார்கழிப் பனிக்கு வெடித்த காலுக்கும், பிள்ளைகளின் சொறி சிரங்குக்கும் அதற்கு மேல் மருந்து கிடையாது. போகியன்று அதில் குளிப்பாட்டினால் பொங்கலுக்குள் புண் காய்ந்துவிடும்.

இந்த வருஷம் பட்டணத்திலிருந்து ஒரு கெமிஸ்ட் வந்து இறங்கினான். மாசக்கணக்கில் ஊறுகிற தோலை நாலே நாளில் பதம் பண்ணிக் காட்டுகிறேன் என்றான். சீமையில் புதிதாய்க் கண்டுபிடித்த உப்பாம். அதைக் கரைத்ததும் தொட்டித் தண்ணி ஆவாரம்பூ மாதிரியே மஞ்சளாய் நின்றது. முதலாளி எல்லோருக்கும் பூந்தி கொடுத்தார்.

தோலுக்கு என்ன ஆகும் என்று அந்தக் கெமிஸ்ட் பொழுதெல்லாம் பேசினான். தோலை முக்கியெடுக்கிற கைக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னானா, பாவி?

குடத்தை எடுத்துவரச் சொன்னது மேஸ்திரி ஜியாவுல்லாதான். சீமைத் தண்ணிடா, நம்ம பட்டைத் தண்ணியைவிடப் பத்துப் பங்கு வீரியம் ஜாஸ்தி, பண்டிகைக்கு மொண்டு போங்கடா என்றான்.

ரத்தினசாமி ரெண்டு குடம் மொண்டான்.

மகள் அஞ்சலைக்கு முழங்காலுக்குக் கீழே சிரங்கு. முதல் சொம்பு ஊற்றியதுமே வீரிட்டாள். எரிந்தால் மருந்து பிடிக்கிறது என்றுதானே அர்த்தம்? பட்டைத் தண்ணியும் கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும். காலைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டான். பெண்சாதி கமலம், போதும் விடு, போதும் விடு என்று அவன் கையைத் தட்டிவிட்டாள். அவளையும் அதட்டிவிட்டு ரெண்டாவது குடத்தையும் ஊற்றித் தீர்த்தான்.

அதே கையால் இப்போது ஜியாவுல்லாவின் கழுத்தைப் பிடிக்க வந்திருந்தான்.

தாழ்ப்பாள் விலகியது. மேஸ்திரி தோளில் மகளைப் போட்டுக்கொண்டு நின்றான். ஷஹீன் பானு. அஞ்சலை வயசுதான் இருக்கும். ரெண்டு காலிலும் வாழையிலை சுற்றியிருந்தது. ஒரு பக்கம் இலை நழுவியிருந்த இடத்தில் வட்ட வட்டமாய்க் குழி விழுந்த புண். ஓரம் வெளுத்து, நடு கறுத்து.

அந்தப் புண்ணை ரத்தினசாமிக்கு எங்கே பார்த்தாலும் தெரியும்.

"உங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே என் வீட்டுக்குத்தான் எடுத்தாந்தேன், ரத்தினம்."

கெமிஸ்ட் லீவுக்குப் பட்டணம் போய்விட்டானாம். முதலாளியிடம் போய் நின்றால், யாருடா உங்களை மொள்ளச் சொன்னது என்று கேட்டாராம். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் பெண்சாதி ஜஹீருன்னிசா விடவில்லை. காலை வெட்டிவிடுவார்கள், ஹக்கீம் கொடுத்த களிம்பே போதும் என்று திரைக்குப் பின்னாலிருந்து அவளே சொன்னாள்.

"உன் பொண்ணுக்கு இன்னா வைத்தியம் பண்ணே? எப்டி இருக்குது?" என்றான் மேஸ்திரி.

ரத்தினசாமி குழந்தையையே பார்த்தான். அது அவன் முறைப்பைக் கண்டு பயந்து அழ ஆரம்பித்தது. சத்தமாய் அழுதது. அழுகிற தெம்பு அதற்கு இருந்தது.

அவன் வாய் திறந்தபோது குரலில் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. திட்டுகிற மாதிரியேதான் சொன்னான்.

"வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். ஆறிட்டு வருது. கஞ்சி குடிக்குது. நீ இன்னாத்துக்கு எலையக் கட்டினு ஊட்ல உக்காந்துனு இருக்கிற? கெளம்புய்யா."

திரை கொஞ்சம் விலகியது. ஜஹீருன்னிசா, கால் ரெண்டும் இருக்கிறதா, நிஜமாகவே கஞ்சி குடிக்கிறதா என்று கேட்டாள். ரெண்டுக்கும் ஆமாம் என்றான். அவள் புர்காவை எடுக்க உள்ளே ஓடினாள்.

காணும் பொங்கலில் வண்டி கட்ட மாட்டேன் என்ற ஜட்காக்காரனைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தவனும் ரத்தினசாமிதான். தெருவே பார்க்க அவனை நாறத் திட்டினான். முதலாளியை, கெமிஸ்ட்டை, சீமையைத் திட்ட வேண்டியதெல்லாம் அந்த ஆளுக்குக் கிடைத்தது. வண்டி ரயிலடிப் பக்கம் திரும்பி மறைகிறவரை திட்டிக்கொண்டே நின்றான்.

வேலூர் ஆஸ்பத்திரி எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அஞ்சலைக்குப் பண்ணிய வைத்தியம் கமலம் அரைத்துப் பூசிய வேப்பிலையோடு சரி.

பாலாற்று மணலில், விடியற்காலையில் மூடிய சின்னக் குழியை நாய் கிளறாமல் இருக்க முள் வெட்டிப் போட வேண்டியிருந்தது. அவன் அந்தப் பக்கம் நடந்தான்.