பூட்டுக்கு ஒரு சாவி

"வலது பக்கம் பாயறதுக்கு முன்னாடி இடது குதிகாலைத் தரையில ஒரு தேய் தேய்ப்பா. தேய்ச்சா வலது, தேய்க்கலைன்னா இடது. அதை மட்டும் பாரு, அவ முகத்தைப் பார்க்காதே."

சொல்லிவிட்டு, குடோன் சுவரில் சுண்ணக்கட்டியால் வரைந்திருந்த கோலுக்கு முன்னால் போய் நின்றார் கோச். முழங்கால் மடங்கியது. தோள் இறங்கியது. கையுறையை இரண்டு தடவை தட்டிக்கொண்டார். பந்துக்குப் பின்னால் நின்ற சிட்டு ஓரடி பின்வாங்கினாள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், தொப்பை வேறு. ஆனால் அந்த ஒரு நொடி அங்கே நின்றது அவர் இல்லை, பூட்டு.

பூட்டு, மாநிலப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பட்டப்பெயரை யார் வைத்தார்களோ, பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. பெனால்டியில் அவளைத் தாண்டி ஒரு பந்தும் உள்ளே போனதில்லை. போன வருடத் தேர்வு ஆட்டத்தில் சிட்டு அடித்ததையும் அவள்தான் தடுத்தாள். அதோடு சிட்டுவின் மாநில அணிக் கனவும் போயிற்று.

வரும் ஞாயிறு மறுபடி தேர்வு ஆட்டம். எதிர்ப்பக்கக் கோலில் மறுபடி அவளே. அடுத்த வருடம் சிட்டுவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் போச்சு.

இந்த நேரத்தில்தான் கோச் வந்து சேர்ந்தார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் எடுப்பார். சில வாரங்கள்தான். அந்த ஆளுக்கு என்ன குறையோ அதை மட்டும் தீர்த்து அனுப்பிவிடுவார். அவரிடம் இடம் கிடைக்காமல் எத்தனையோ பேர் காத்திருக்க, அவரே கிளப் வாசலில் சிட்டுவை மடக்கி, நாளையிலிருந்து குடோனுக்கு வா என்றிருந்தார்.

மருந்துக்கடை வேலை முடிந்து தங்கையை அழைத்துப் போக வரும் அக்காவுக்கு இதெல்லாம் மாயமாக இருந்தது. பூட்டுக்குக் கோபம் வந்தால் பின்னலின் நுனியைக் கடிப்பாள் என்றார் கோச். ஈரத்தரையில் தாழ்வாக வரும் பந்துக்கு இடது மணிக்கட்டைக் கொடுக்கத் தயங்குவாள், சின்ன வயதில் உடைந்த கை என்றார்.

"எனக்கென்னவோ இவர் தினம் பூட்டு வீட்டு அடுப்படியில உட்கார்ந்து காபி குடிச்சிட்டு வர்ற மாதிரி இருக்குடி" என்றாள் அக்கா, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே. சிட்டு சிரிக்கவில்லை. ஒரு மனிதர் இன்னொருவரை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியுமா என்கிற பிரமிப்பிலிருந்து அவள் இன்னும் வெளியே வரவில்லை.

கடைசி நாள் அக்கா கேட்டே விட்டாள். "தேறுமா சார்?"

கோச் பந்துகளை வலைப்பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "நான் எடுத்திருக்கற ஆளுக்கு ஒரே ஒரு குறைதாம்மா. ஞாயித்துக்கிழமை தீர்ந்துடும்."

ஞாயிறு. ஆட்டம் முடியும் தறுவாயில், பந்தோடு கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் நுழைந்த சிட்டுவை இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தார்கள். விசில். பெனால்டி.

தேர்வாளர்கள் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பூட்டு கையுறையை இரண்டு தடவை தட்டினாள், குடோனில் பார்த்த அதே தட்டல். சிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலை மட்டும் பார்த்தாள்.

இடது குதிகால் புல்லை ஒரு தடவை தேய்த்தது.

பூட்டு வலப்பக்கம் பறந்தாள். பந்து அவளுக்கு இடப்பக்கம், கம்பத்தை ஒட்டி, வலைக்குள் போய்ச் சுருண்டது.

நடந்ததை நம்ப எல்லோருக்கும் நேரம் தேவைப்பட்டது. பிறகு மைதானமே அதிர்ந்தது.

கடைசி விசில் ஊதியதும் தேர்வாளர்களில் ஒருவர் சிட்டுவைத் தனியாக அழைத்து, மாநில அணிச் சட்டைக்கு அளவு கேட்டார். அவள் அழுதுகொண்டே அளவைச் சொல்லிவிட்டு, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற கோச்சை நோக்கி ஓடினாள்.

கோச் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், கையுறையைக் கழற்றியபடி நடந்து வந்த பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோற்றவள் முகத்தில் சோகத்தைக் காணோம். பரீட்சை முடிவைத் தெரிந்துகொள்ள வருகிறவளைப் போல வந்து நின்றாள்.

"அப்பா, எது?" என்றாள்.

"இடது குதிகால்" என்றார் கோச்.

"சே, அதுவா?" பூட்டு குனிந்து தன் காலையே யாரோ அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அக்காவின் அடுப்படி நகைச்சுவை சிட்டுவின் மண்டைக்குள் வேறு அர்த்தத்தில் மணியடித்தது. சொந்த மகளைத் தோற்கடிக்கவா எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று அவரிடம் தடுமாறிக் கேட்டாள்.

பதில் பூட்டிடமிருந்து வந்தது.

"இந்த தடவை அப்பா எடுத்த ஆள் நீ இல்ல, நான். அடுத்த மாசம் தேசிய முகாம், அங்க போறதுக்குள்ள என் குறை என்னன்னு தெரிஞ்சாகணும்னு கேட்டேன். வாயால சொன்னா நீ நம்ப மாட்ட, ஒரு கோல் வாங்கு, அடிக்கிற ஆளை நீயே காட்டுன்னாரு."

கழற்றிய கையுறையைச் சிட்டுவின் தோளில் போட்டாள்.

"போன வருஷம் நான் பிடிச்சதுல, எப்படிப் பிடிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே புரியாத பந்து உன்னோடது ஒண்ணுதான்."