சேத்துப்புண்

“எனக்கு இல்ல டாக்டர். அவளுக்குத்தான் டெஸ்ட். எழுதிக் குடுங்க, போதும்.”

நெடுஞ்செழியன் நின்றுகொண்டே சொன்னான். உட்கார முடியவில்லை. அரிப்பு. எந்த இடத்தில் என்று கேட்காதீர்கள். அங்கேதான்.

டாக்டர் ஷிஃபா நிமிர்ந்து பார்த்தார். “அவங்க எங்க?”

“எம் பொண்டாட்டி எழில்மொழி பேராவூரணியில, அவ அப்பா வீட்டுல. வைகாசியில கல்யாணம். ஆடிக்கு அழைச்சுட்டுப் போனாங்க. ஆவணி பிறந்து பத்து நாளாச்சு. நான் இன்னும் கூப்பிடப் போகல. ரிப்போர்ட் வராம போகவும் மாட்டேன்.”

“எதுக்கு ரிப்போர்ட்?”

“சேந்த மறுநாளே செவந்து போகும் டாக்டர், எரியும். அவகிட்டயிருந்துதான் ஒட்டிக்கிச்சு. அவளுக்கு ஏதோ சீக்கு இருக்கு. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.”

அம்மா தெருவுக்கே சொல்லியாயிற்று.

“முதல்ல உங்களைப் பாக்கணும்.”

“ஆம்பள டாக்டர் இல்லீங்களா?”

“திங்கக்கிழமை வருவாரு. அதுவரைக்கும் சொறிஞ்சுகிட்டு இருக்கீங்களா?”

திரைக்குப் பின்னால் போனார்கள். இரண்டு நிமிடம். விரலில் குத்திச் சர்க்கரையும் பார்த்தார். சர்க்கரை இல்லை.

“அவங்க ஊருக்குப் போய் எத்தனை நாளாச்சு?”

“நாப்பது நாள்.”

“நாப்பது நாள்ல குறைஞ்சுதா?”

“கூடிப்போச்சு டாக்டர்.”

“அவங்க பேராவூரணியில இருக்காங்க. சீக்கு மட்டும் தினம் பஸ் பிடிச்சுத் திருக்காட்டுப்பள்ளிக்கு வருதா?”

நெடுஞ்செழியன் விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தான்.

“தினமும் அங்க என்ன பண்றீங்க? மறைக்காம சொல்லுங்க.”

“சுத்தமாத்தான் வச்சுக்கிறேன். புண்ணு கழுவுற லோஷன் இருக்குல்ல, அதைத் தண்ணி கலக்காம ஊத்தி, சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவுவேன். காலையில ஒருதடவ, வயல்லேருந்து வந்து ஒருதடவ. அப்புறம் க்ரீம்.”

“என்ன க்ரீம்?”

சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். அவன் நடவு மெஷின் ஓட்டுகிறவன். சேற்றில் நின்று நின்று கால்விரல் இடுக்கு வெந்து போனால் அந்த ஊரில் எல்லாரும் தடவுகிற க்ரீம் அது.

“மருந்துக் கடையில என்ன சொல்லி வாங்குனீங்க?”

தலை குனிந்தான். “சேத்துப்புண்ணுன்னு. வேற எப்படிங்க சொல்றது?”

“அங்க எங்கய்யா சேறு இருக்கு?”

நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு உராய்வுல கொஞ்சம் செவக்கும். சும்மா விட்டிருந்தா ரெண்டு நாள்ல ஆறியிருக்கும். மெல்லிசான தோல், நீங்க லோஷன் ஊத்தி வேக வச்சுட்டீங்க. லோஷன், சோப்பு, இந்த க்ரீம், மூணையும் நிறுத்துங்க. நிறுத்துன புதுசுல கொஞ்சம் எரியலாம், பயப்படாதீங்க. வெறும் தண்ணியில கழுவுங்க. தேய்க்காம துணியால ஒத்தி எடுங்க. ஈர டவுசரோட வேலை பாக்காதீங்க. ஆறுற வரைக்கும் சேர வேண்டாம். ஒரு வாரத்துல ஆறலன்னா, கொப்புளம் வந்துச்சுன்னா, ரெண்டு பேருமே வாங்க. அப்ப டெஸ்ட் எடுப்போம்.”

“அப்ப அவளுக்குச் சீக்கு எதுவும்...”

“அவங்களைப் பாக்காம நான் எப்படிச் சொல்றது? நீங்க எப்படிச் சொன்னீங்க?”

ஆறு நாளில் ஆறிவிட்டது. எட்டாம் நாள் அவன் பேராவூரணிக்குப் பஸ் ஏறினான். மாமனார் அடித்தாலும் வாங்கிக்கொள்வது, அழைக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு.

கிளம்பும்போது அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். “ஆம்பள நீ. தப்பு உன்னுதுன்னு அங்க போய் ஒத்துக்கிட்டு நிக்காத.”

மாமனார் தியாகேசன் தோப்பில் ஆட்களோடு தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“வாங்க மாப்ள! பாத்து, பாத்து, மெதுவா வாங்க. கால் எப்படி இருக்கு?”

“காலா?”

“எழிலுதான் சொல்லுச்சே. சேத்துப்புண்ணு முத்திப் போயி தரையில கால் ஊன முடியலையாம்ல? பதினெட்டாம் பெருக்குக்கு நீங்க வரலன்னதும் எனக்குக் கோவந்தான். அப்புறம் விவரம் சொல்லுச்சு. ‘அவரைத் தப்பா நெனைக்காதீங்கப்பா, சேத்துல நின்னு சம்பாதிக்கிறவரு’ன்னுச்சு.”

தேங்காய் உரித்த நாலு பேரும் அவன் காலையே பார்த்தார்கள்.

அவள் என்ன செய்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் தெருவில் அவள் சீக்குக்காரி. அவள் தெருவில் அவன், பாவம், கால் நோவோடு உழைக்கிறவன்.

எழில்மொழி செம்பில் தண்ணீரோடு வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. செம்பை நீட்டும்போது உதடு மட்டும் அசைந்தது.

“கொஞ்சம் நொண்டுங்க.”

நெடுஞ்செழியன் தண்ணீரைக் குடித்தான். செருப்பைக் கழற்றினான். அத்தனை பேர் பார்க்க, மாமனாரிடம் நேராக நடந்து போனான்.

“மாமா, என் கால்ல ஒண்ணுமே இல்ல. உக்காருங்க, சொல்றேன். இதையே சாயங்காலம் எங்க தெருவுலயும் சொல்லணும்.”