சதங்கை நின்ற இடம்

"நாயை இங்கன கட்டிட்டுப் போலே. சிறுத்தைக்கு நாய்ன்னா உசிரு, தெரியுமா?"

பாபநாசம் மலையடிவாரச் சாவடியில் காட்டிலாகா காவலர் பூதலிங்கம் வழியை மறித்து நின்றார். ஆழ்வார்குறிச்சியிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டே நாள். வாய் நிறைய வெற்றிலை.

எதிரே தபால் ஓட்டக்காரன் தேவதாசன். தோளில் மலைமேல் காப்பித் தோட்டத்துக்குப் போகும் தபால் பை, கையில் சதங்கை கட்டிய ஈட்டிக் கம்பு, காலடியில் கப்பித்தான். பெயர்தான் கப்பல் தலைவன் மாதிரி கப்பித்தான், ஆள் செவலை நிறத்தில் ஒரு நோஞ்சான் நாய்.

"வெத்தலையைத் துப்பிட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான் தேவதாசன்.

பூதலிங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் துப்பினார்.

"என் வாயை என்னலே அப்படிப் பாக்க? போன வாரம் மேல மாட்டுப் பட்டியில ரெண்டு நாயைச் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருக்கு. அதைக் கண்டா நாய் நேரா உன் காலுக்குள்ளதான் ஓடியாரும். சேத்து உன்னையும் அடிச்சுப் போட்டிரும்."

"சதங்கைச் சத்தத்துக்கு எல்லாம் ஒதுங்கிரும் அண்ணாச்சி. மூணு வருசமா இவன் இல்லாம நான் மலை ஏறினதில்ல."

"பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக அதைக் காவு குடுப்பியா? காட்டுக்குள்ள நாய் கூடாதுன்னு உத்தரவே இருக்கு. மீறினா உன் மேலதிகாரிக்கு எழுதிருவேன்."

வேலைக்கே உலை வைத்துவிடுவார் என்றதும் தேவதாசன் முகம் வாடிவிட்டது. குனிந்து கப்பித்தானின் நெற்றியில் கன்னத்தை வைத்தான்.

"சும்மா இருடே. சாயங்காலம் வந்திருதேன்."

சாவடித் தூணில் கட்டிய பிறகும் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பூதலிங்கத்துக்கே பாவமாக இருந்தது. ஒரு நாய்க்குப் போய் இவ்வளவா?

தேவதாசன் ஓடத் தொடங்கினான். ஜல், ஜல், ஜல்.

முதல் வளைவுக்குச் சற்று முன்னால் சதங்கைச் சத்தம் நின்றது. ஓட்டம் நிற்கவில்லை. கயிறு அறுந்து சதங்கைக் கொத்து பாதையில் கிடந்தது.

"ஏலே தேவதாசா! சதங்கை விழுந்துட்டு லே!"

அவன் திரும்பவில்லை. நாயைக் கட்டச் சொன்ன கோபம், திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு பூதலிங்கம் மறுபடி கத்தினார். மலையே எதிரொலித்தது. அவன் மட்டும் சத்தமில்லாத கம்போடு சிறுத்தைக் காட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

கப்பித்தான் கழுத்துக் கயிற்றை உருவிக்கொண்டு பாய்ந்தது. பின்னாலேயே பூதலிங்கமும் ஓடினார், வழியில் சதங்கையைப் பொறுக்கிக்கொண்டு.

நாய் எட்டிப் பிடித்து வேட்டியைக் கவ்வி இழுத்தது. தேவதாசன் அந்தக் கணமே நின்று, குனிந்து நாயிடம் கேட்டான்.

"யாருடே கூப்பிடுதா?"

மூச்சிரைக்க வந்த பூதலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்து அவரைப் பார்த்த தேவதாசனுக்குக் கண் கலங்கியது.

"மேல எழுதிராதீங்க அண்ணாச்சி. காய்ச்சல்ல ரெண்டு காதும் போயி மூணு வருசமாச்சு. மலையில எனக்குக் காது இவன்தான்."

பூதலிங்கம் அவன் கம்பை வாங்கினார். சதங்கையில் பாதியைக் கம்பிலும் பாதியைக் கப்பித்தான் கழுத்திலும் இறுக்கிக் கட்டினார். பிறகு சாவடிப் பக்கம் நடந்தபடியே, "நான் எந்த நாயையும் பாக்கல லே" என்றார்.

நாலு எட்டு வைத்ததும் சட்டென்று நின்றார். திரும்பி வந்து, தேவதாசனின் முகத்துக்கு நேரே நின்று, அதையே இன்னொரு தடவை வாயை நன்றாக அசைத்து மெல்லச் சொன்னார்.