மாஸ்டர் பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. மாஸ்டர் காலடியில் ஒன்று, பழகுபவர் காலடியில் ஒன்று.

"இருபது நாளா நாய்க்கும் மாட்டுக்கும் ஸ்கூல் பசங்களுக்கும் வண்டியை நிறுத்தினது நான்தான். தேஞ்சே போயிட்டேன்" என்றது மாஸ்டர் பிரேக்.

"என் பக்கம் உட்கார்ற கவினிலா கெட்டிக்காரி. என்னை ஒரு தடவைகூட மிதிச்சதில்லை" என்று பீற்றிக்கொண்டது, பளபளப்பு மாறாத மற்றது.

டெஸ்ட் அன்றும் மாஸ்டர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கவினிலா பாஸ்.

மறுவாரம், அப்பா வாங்கித் தந்த புதுக் காரில் மாஸ்டருக்கு லட்டு கொடுக்க வந்தாள்.

"பாரேன், என் பொண்ணு என்ன வேகமா வர்றா!" என்றது பளபளப்பு பிரேக்.

வாசலைத் தாண்டியும் கார் நிற்கவில்லை.

"மாஸ்டர், பிரேக் போடுங்க!" என்று உள்ளேயிருந்து அலறினாள் கவினிலா.

மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்த மாஸ்டர், வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார்.