சர்வர் அறையில் ஹோமம்

2024 செப்டம்பர் 5, வியாழக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. தரவு மையத்தின் திறப்பு விழாவுக்காகச் சர்வர் அறையின் நடுவே செங்கல் அடுக்கி ஹோமகுண்டம் அமைத்திருந்தார்கள். அங்கே புகை எழுந்தால் கூரைக் குழாய்கள் தீயணைப்பு வாயுவைக் கொட்டிவிடும்.

“ரெண்டு மணி நேரம் அலாரத்தை ஆஃப் பண்ணும்மா,” என்றார் இயக்குநர் கோதண்டபாணி.

“மாட்டேன் சார். நாலு ஆஸ்பத்திரி ரெக்கார்டு போன வாரத்துலேர்ந்தே இதுல ஓடிட்டிருக்கு. ஒரு பொறி போதும்,” என்றாள் பாதுகாப்புப் பொறியாளர் தமயந்தி.

“சாமி காரியத்துக்கே தடை சொல்றியா?”

“சாமிக்கு வாசல் ஆகாதா சார்?”

புரோகிதர் விசிறியைக் கீழே வைத்தார். “எனக்குக் கிழக்கு பாத்தா போறும். இந்த ஏசி குளிர்ல நெய்யே உருக மாட்டேங்கறது.”

யாரோ சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை.

தமயந்தி ஒரு தாளை நீட்டினாள். “இங்கதான் வேணும்னா, அலாரத்தை நிறுத்தச் சொன்னது நீங்கதான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

இயக்குநர் பேனாவைத் திறந்தார். இரண்டு வரி எழுதினார், கையெழுத்திட்டு அவளிடம் கொடுத்தார். ஹோமம் வாசலில் நடைபெறும் என்று முதல் வரி சொன்னது. பொறியாளர் தமயந்தி நாளை முதல் பணிக்கு வர வேண்டாம் என்றது இரண்டாவது.

அவள் இருமுறை படித்தாள். தாளை மடித்து வைத்துக்கொண்டு, குனிந்து, குண்டத்தின் முதல் செங்கல்லைத் தானே தூக்கினாள்.