உச்சிப்பொழுது வரை

"யம்மாடி, முட்டி விட்டுப்போச்சுங்க. இங்கன செத்த உக்காந்துட்டுப் போவோம்" என்று பவுனு பாறைப் படியில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் புருஷன் பிச்சைமணிக்கு எரிச்சலாக வந்தது. பின்னே, வராதா? நித்தமும் ஏலத்தோட்டத்து மேட்டில் மூட்டையோடு ஏறி இறங்குகிறவள், இன்றைக்கென்று பார்த்து இந்தக் கோட்டைப்பாறையில் நாலு படிக்கு ஒருதரம் உட்காருகிறாள்.

"வேண்டுதலுன்னு வம்படியாக் கூட்டியாந்தவ நீதானடி? வெரசா ஏறு. நாளைக்குச் சின்னமனூர் மாப்ள வீட்டுக்காரக பூ வைக்க வாராக. ஆயிரம் வேலை கெடக்கு."

"ஏறுறேன், ஏறுறேன். சாமி காரியத்துல அவசரப்படாதீக."

எல்லாம் மகள் அபிதாவுக்காகத்தான். கட்டினால் வினோத்ராஜைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவன் வேறு சாதி. ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுவிடுவேன் என்று பிச்சைமணி அரிவாளைத் தூக்கிய நாளிலிருந்து, அவள் அப்பனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இன்றைக்கும் அவளைத் தன் தம்பி தங்கப்பாண்டியனின் காவலில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்.

இடிந்த கோட்டைச் சுவரைத் தாண்டியதும் குகை. எந்தக் காலத்திலோ சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள் என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கோ அது வேண்டுதல் இடம். பிள்ளைக்கு நல்லது நடக்க, பெற்றவர்கள் அங்கே உச்சிப்பொழுது வரை கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். நடுவில் எழுந்தால் பலிக்காது.

"அந்தப் போனை அணைச்சு வைங்க" என்றாள் பவுனு. அணைத்துவிட்டுப் படுத்தார்.

கண்ணை மூடியதும் அபிதாதான் வந்து நின்றாள். அப்பன் பரோட்டாப் பொட்டலத்தோடு வரும்வரை தூங்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்த பிள்ளை. 'எந்தங்கத்த எங்கையாலயே வெட்ட வச்சிராத சாமி. அவ மனச மாத்தி விட்ரு' என்று வேண்டிக்கொண்டார். கண்ணீர் காதுவரை வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்ததும் எழுந்து பார்த்தால், பக்கத்துப் படுக்கையில் பவுனு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். மனுஷர் பதறிப்போனார்.

"ஏ புள்ள, எதுக்கு அழுகுற? அதேன் முழுசாக் கெடந்துட்டோம்ல? எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"நடந்திருக்கும்ங்க. கோயில்ல வச்சு முடிச்சு வச்சிர்றேன்னு உங்க தம்பிதேன் சொன்னாக."

பிச்சைமணி மடியைத் துழாவிப் போனை எடுத்தார். பவுனு அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"உங்களக் காவக் காத்ததுல, எம்புள்ள கழுத்துல தாலி ஏறுறத நான் பாக்கக் குடுத்து வைக்கலயே!"