கத்தாத மிஷின்

புருஷனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் மத்தியானம், சத்தியபாமா அந்த மிஷினைத் தம்பியின் மடியில் வைத்தாள்.

"அவிய சாமானோட வந்துச்சு. இதுல எல்லாம் பதிஞ்சிருக்குமாமே. பாத்துச் சொல்லுல."

கோபாலசாமி அதைத் தொடவில்லை. மடியிலேயே கிடந்தது.

பார்ப்பதற்குக் கைக்கடிகாரம்தான். டைவ் கம்ப்யூட்டர் என்று பெயர். கடலுக்குள் இறங்கினவன் எத்தனை ஆழத்தில் இருக்கிறான் என்று காட்டும். போகக்கூடாத ஆழத்துக்குப் போனால் கீச்சென்று கத்தும். பசுவந்தனையில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் கோபாலசாமி.

அந்தமானில் டைவிங் சொல்லிக்கொடுக்கும் கம்பெனியில் அவனுக்கு ஏழு வருஷ வேலை. வானம் பார்த்த கரிசலைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் அழுவீர்கள் என்று அக்காள் புருஷன் மாயகிருஷ்ணனை நச்சரித்து அங்கே கூட்டிப்போனவனும் அவன்தான். அத்தான் கிணற்றில் விழுந்த வாளியை ஒரே மூச்சில் எடுத்து வருகிற மனிதர். நன்றாகத் தேறி வந்தார். கடைசியாக நைட்ராக்ஸ் பயிற்சி.

நைட்ராக்ஸ் என்றால் ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று. அதைச் சுவாசித்தால் உள்ளே அதிக நேரம் இருக்கலாம். ஆனால் ஆழம் போகக்கூடாது. போனால் அந்த ஆக்சிஜனே விஷமாகி வலிப்பு வந்துவிடும்.

அன்றைய சிலிண்டருக்கு இருபத்தைந்து மீட்டர்தான் எல்லை. அத்தானுக்கு முப்பத்துமூன்றில் வலிப்பு வந்தது. மேலே கொண்டுவரும்போது உயிர் இல்லை.

சொன்ன பேச்சைக் கேட்காமல் ஆழத்துக்குப் போய்விட்டார் என்று பயிற்சியாளர் எழுதிக்கொடுத்தார். அந்தத் தாள் உடம்போடு ஊருக்கு வந்தது. துஷ்டி கேட்க வந்தவர்களெல்லாம் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள்.

சத்தியபாமா இன்னும் வாய்விட்டு அழவில்லை. செத்தவர்மேல் அவ்வளவு கோபம்.

"என் நெனப்பு இருந்தா அங்கன போயிருப்பாவளா? அத மட்டும் சொல்லு."

அவன் பொத்தானை அழுத்தினான்.

ஆழம், முப்பத்துமூன்று. காற்று, இருபத்தொன்று.

நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஆக்சிஜன் என்பது நாமெல்லாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்று. முதல் நாள் பயிற்சிக்குக் கையால் வைத்த அளவு, மாற்றப்படாமல் அப்படியே இருக்கிறது. சிலிண்டரில் ஆக்சிஜன் நாற்பது இருந்தது மிஷினுக்கு எப்படித் தெரியும்? சாதாரணக் காற்றுக்கு முப்பத்துமூன்று மீட்டர் பயப்படுகிற ஆழமே இல்லை. அதனால் அது கத்தவில்லை. கத்தாததால் அத்தான் போயிருக்கிறார்.

கோபாலசாமிக்கு இப்போது சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"அத்தான் மேல தப்பே இல்லக்கா. மிஷின்தான் கத்தாம கழுத்தறுத்துட்டு."

சத்தியபாமா வாய்விட்டு அழுதாள். பதினேழு நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள். எம்புட்டு நல்ல மனுசனை இத்தனை நாளாக வைதேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அழுது முடித்து எழுந்தவள், மிஷினை அவன் மடியிலிருந்து எடுத்துப்போய் அம்மியில் வைத்துக் குழவியைத் தூக்கினாள். தடுத்திருக்கலாம். அவன் தடுக்கவில்லை. மூன்றாவது அடியில் அது தூள்தூளானது.

திரும்பி வந்து அவன் தலையைத் தடவினாள்.

"நீ அங்கன இருக்கப் போயித்தாம்ல, நான் அவிய மொகத்தையாவது பாத்தேன்."

அவரவர் சிலிண்டரை அவரவர்தான் சோதிக்க வேண்டும், அவரவர் மிஷினில் அவரவர்தான் ஆக்சிஜன் அளவை வைக்க வேண்டும். நைட்ராக்ஸில் முதல் பாடமே அதுதான். அன்று காலையில் படகில் மாயகிருஷ்ணனும் அதற்காகத்தான் கையை நீட்டினார். அக்காள் வீட்டுக்காரரை வேலை வாங்குவதா என்று கோபாலசாமிக்குக் கூச்சம். ஊரில் அவர் சாப்பிட்ட தட்டைக்கூட அவரை எடுக்க விட்டதில்லை. அவனே சோதித்து, நாற்பது என்று சிலிண்டரில் எழுதி ஒட்டினான். மிஷினில் மாற்ற மறந்தான்.

"நீங்க செவனேன்னு இருங்க அத்தான், எல்லாம் வச்சாச்சு. இது கத்துத வரைக்கும் ஒரு பயமும் இல்ல" என்று சொல்லி, அதை அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டான்.